மூச்சுக் கருவியின் கதை – 9: பன்னிரண்டும் ஆறும்

சென்ற வாரம் கோபன்ஹேகனில் நின்றோம். 1952இல் போலியோ தாக்கி மூச்சுத் தசைகள் முடங்கியவர்களை, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு இரவும் பகலும் ரப்பர் பையை அமுக்கிக் காப்பாற்றினார்கள். அந்தக் கைகளின் இடத்துக்குத்தான் பிறகு இயந்திரம் வந்தது. ஆனால் அந்த நோயாளிகளில் பெரும்பாலோரின் நுரையீரல் நல்ல நுரையீரல். துருத்தி சரியாக இருந்தது, அதை இழுத்து விடுகிற தசைதான் படுத்துவிட்டது. துருத்தியே நனைந்து நைந்து கிடந்தால் என்ன செய்வது?

இந்த வாரக் கதை அதைப் பற்றியது. இன்னும் குறுக்கிச் சொன்னால், வென்டிலேட்டரின் முகப்பில் இருந்த ஓர் எண்ணைப் பற்றியது. ஒரு கிலோ உடல் எடைக்கு 12 மில்லிலிட்டர் என்றிருந்த மூச்சளவு 6 ஆனது. குமிழைத் திருப்ப ஒரு நொடி போதும். திருப்பலாம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதலில் அளவு கண்ணுக்குத் தெரியட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் நடுத்தர உயர ஆண் ஒருவர் ஒருமுறை இழுத்து விடும் காற்று ஏறத்தாழ அரை லிட்டர், ஒரு பால் பாக்கெட். எழுபது கிலோ மனிதருக்கு 12 மி.லி. வீதம் கணக்கிட்டால் 840 மி.லி. வரும். ஒன்றே முக்கால் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூச்சு திணறிக் கிடக்கிறவருக்கு, நலமாக இருக்கும்போது அவரே இழுத்ததைவிட அவ்வளவு அதிகமாக ஏன் கொடுத்தார்கள்?

நல்ல காரணத்துக்காகத்தான் கொடுத்தார்கள். 1963இல் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவர்கள் பென்டிக்சன், ஹெட்லி-வொய்ட், லேவர் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறுவை மேசையில் மயக்கத்தில் இருப்பவருக்கு ஒரே அளவில் சிறு சிறு மூச்சாகக் கொடுத்துக்கொண்டே போனால், ரத்தத்தில் ஆக்சிஜன் மெல்ல இறங்குகிறது. இடையில் பெரிய மூச்சாகச் சில கொடுத்தால் மறுபடி ஏறுகிறது. நாம் எல்லோரும் நம்மை அறியாமல் மணிக்குப் பலமுறை பெருமூச்சு விடுகிறோம். சோகத்தால் அல்ல, சுருங்கத் தொடங்கிய நுரையீரல் அறைகளை விரித்துவிட உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. இயந்திரத்துக்குப் பெருமூச்சு விடத் தெரியாது. ஆகவே எல்லா மூச்சையுமே பெரிய மூச்சாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது. கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. என்பது பாடப்புத்தகத்தில் ஏறியது. சில மணி நேரம் அறுவை மேசையில் கிடக்கும் நல்ல நுரையீரலுக்கு அது பொருந்தவும் செய்தது.

அதே காலத்தில் இன்னொன்றும் வந்து சேர்ந்திருந்தது. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்பதைச் சில நிமிடங்களில் சொல்லும் பரிசோதனை. மருத்துவமனைகளில் இன்றும் ‘ஏ.பி.ஜி.’ என்று சொல்வார்கள். மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு எடுத்த ரத்தம் போய், சீட்டு வரும். கார்பன் டை ஆக்சைடு 40 என்று சீட்டு சொன்னால் இரவு டியூட்டி மருத்துவர் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். சீட்டில் எண் சரியாக இருந்தால் நோயாளியும் சரியாக இருக்கிறார் என்ற நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்தது. இந்தக் கதையின் வில்லன் என்று யாரையாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் நான் அந்தச் சீட்டைத்தான் காட்டுவேன். அதுவும் பாவம், பொய் சொல்லவில்லை.

இனி டென்வர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆஷ்பா அறுவை மருத்துவர், தாமஸ் பெட்டி நுரையீரல் மருத்துவர். வென்டிலேட்டர் உதவி பெற்ற 272 பேரின் பதிவுகளுக்கு நடுவே 12 பேர் தனியாகத் தெரிந்தார்கள். சிலருக்கு விபத்து, சிலருக்கு வைரஸ் காய்ச்சல், ஒருவருக்குக் கணைய அழற்சி. நோய் வேறு வேறு, முடிவு மட்டும் ஒன்றேபோல். ஓரிரு நாளில் மூச்சு வாங்குகிறது, எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் உதடு நீலம் மாறவில்லை, எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. 12 பேரில் 7 பேர் இறந்தார்கள். உடற்கூறு ஆய்வில் எடுத்த நுரையீரல், பஞ்சுபோல் இல்லாமல் ஈரலைப் போல் கனத்திருந்தது.

1967 ஆகஸ்ட் 12 தேதியிட்ட லான்செட் இதழில் இது அச்சானது. அதற்கு முன் அமெரிக்க இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன என்று பெட்டி பின்னாளில் எழுதினார். வியட்நாம் போர்முனையிலும் ராணுவ மருத்துவர்கள் இதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டடியும் ரத்தப்போக்கும் தாண்டிப் பிழைத்த வீரன், மூன்றாம் நாள் மூச்சுத் திணறிச் சாவான். அவர்கள் அதற்கு ‘டா நாங் நுரையீரல்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பிற்பாடு நிலைத்த பெயர் ஏ.ஆர்.டி.எஸ்.

டென்வர் கட்டுரையின் ஒரு மூலையில் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. 12 பேரில் ஐவருக்கு, மூச்சு வெளியேறி முடியும்போதும் நுரையீரலுக்குள் கொஞ்சம் அழுத்தம் மிஞ்சும்படி கருவியை வைத்தார்கள். அந்த ஐவரில் மூவர் பிழைத்தனர். அப்படி வைக்காத எழுவரில் இருவர்தான் பிழைத்தனர். இந்த மிச்ச அழுத்தத்துக்குத்தான் ‘பீப்’ என்று பெயர். திருவிழாவில் வாங்கிய பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊதலுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் உப்பிவிட்டால் பிறகு சுலபம். காற்றை முழுவதும் விட்டுவிட்டால் மறுபடி அதே கன்ன வலி. கழுத்தை இறுக்கிப் பிடித்துப் பாதியில் நிறுத்தினால் அந்த வலி மிச்சம். பீப் செய்வது இந்தக் கழுத்தைப் பிடிக்கும் வேலையை. வெளிமூச்சுக் குழாயின் முனையைத் தண்ணீருக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்த்தி வைத்தால் போதும், பத்து சென்டிமீட்டர் பீப் கிடைத்துவிடும். அழுத்தத்தை இன்றும் ‘சென்டிமீட்டர் தண்ணீர்’ என்றுதான் அளக்கிறார்கள்.

ஐவரில் மூவர், எழுவரில் இருவர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் பீப் போட்டதும் சீட்டில் ஆக்சிஜன் எகிறியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு நிறுவல் தேவைப்படவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் பீப் ஏறியது, மூச்சளவு பெரிதாகவே இருந்தது, அழுத்தமும் ஏறியது. ஓட்டை விழுந்து காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்தால் அதற்கொரு குழாய் போடுவார்கள். மார்பின் இரண்டு பக்கமும் குழாய் தொங்கப் படுத்திருக்கும் நோயாளி அந்நாளைய ஐ.சி.யூ.க்களில் அபூர்வமில்லை. நோய் அவ்வளவு கடுமை என்று சொல்லிக்கொண்டார்கள். கருவியைச் சந்தேகிக்கப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டிய ஆண்டு 1974. வெப், டியர்னி என்ற இருவர் நல்ல ஆரோக்கியமான எலிகளை எடுத்துக்கொண்டார்கள். மயக்கம் கொடுத்து, கழுத்தில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு உச்ச அழுத்தம் 14 சென்டிமீட்டர்: ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததற்கு 30: ரத்தக் குழாய்களைச் சுற்றி நீர் கோத்தது. மூன்றாவதற்கு 45, பீப் இல்லாமல்: ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரல் முழுக்க நீர் நிரம்பி எலிகள் செத்தன. அதே 45தான், ஆனால் 10 பீப் சேர்த்துக் கொடுத்த எலிகளின் காற்றறைகளில் நீர் நிறையவில்லை. எந்த நோயும் இல்லாத நுரையீரலில் ஒரு மணி நேரத்துக்குள் கருவி மட்டுமே உண்டாக்கிய சேதம், ஏ.ஆர்.டி.எஸ். போலவே இருந்தது.

நெருப்பு எச்சரிக்கை மணி மாதிரி ஒலித்திருக்க வேண்டிய கட்டுரை. மருத்துவர்கள் படித்துவிட்டு எலிதானே என்று புரட்டிப் போய்விட்டார்கள். எலியின் மார்புக்கூடு மெல்லியது, 45 என்பது அதற்கு ராட்சச ஊதல் என்று சொல்ல ஒரு நியாயமும் இருந்தது. 1980களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் தியடோர் கொலோபோவின் குழு ஆடுகளில் செய்து பார்த்தது. நல்ல நுரையீரல் உள்ள செம்மறிகள், உச்ச அழுத்தம் 50. ஓரிரு நாளில் நுரையீரல் கெட்டுச் சாவு. எலியிலிருந்து ஆட்டுக்கு வந்தாயிற்று. மனிதருக்கு வரவேண்டும்.

நடுவில் பாரிஸில் ஒரு அழகான சோதனை நடந்தது. இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். திதியே திரேஃபுஸ், ஜார்ஜ் சோமோன் குழுவினர் 1988இல் கேட்ட கேள்வி: நுரையீரலைக் கெடுப்பது அழுத்தமா, விரிவா? இரண்டும் சேர்ந்தே வரும்போது எப்படிப் பிரிப்பது? எலிகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு அதிக அழுத்தம், அதிகக் காற்று. இரண்டாவது கூட்டத்தின் மார்பையும் வயிற்றையும் பட்டை போட்டு இறுகக் கட்டிவிட்டு அதே அழுத்தம் கொடுத்தார்கள். அழுத்தம் உண்டு, விரிய இடமில்லை. மூன்றாவது கூட்டத்துக்கு வெளியிலிருந்து உறிஞ்சி மார்பை விரிக்கும் பழைய முறை. ஆம், இந்தத் தொடரின் ஆரம்பத்தில் பார்த்த அதே இரும்பு நுரையீரல், எலி அளவில். அங்கே மூச்சுக்குழாயில் அழுத்தமே இல்லை, விரிவு மட்டும் உண்டு. பட்டை கட்டிய எலிகளின் நுரையீரல் நன்றாக இருந்தது. மற்ற இரண்டு கூட்டத்துக்கும் நீர் கோத்தது. அழுத்தம் குற்றவாளி இல்லை. அளவுக்கு மீறி இழுபட்டதே குற்றவாளி.

யோசித்தால் இது நாம் அறிந்ததுதான். கொம்பு வாத்தியக்காரர் வாசிக்கும்போது வாய்க்குள் எழும் அழுத்தம் வென்டிலேட்டரில் யாரும் வைக்கத் துணியாத அளவு. நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க, கழுத்து நரம்பு தெறிக்க ஊதி முடித்து, துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வெற்றிலை போடுகிறார், நுரையீரல் கிழிவதில்லை. அவருடைய மார்புத் தசைகளே பட்டையாக இறுகி நுரையீரலை விரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.

பாரிஸில் எலிக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மிலானில் லூச்சியானோ கத்தினோனி ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளை ஐ.சி.யூ.விலிருந்து சி.டி. ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். குழாயும் கருவியுமாகக் கிடப்பவரைக் கட்டிலோடு நகர்த்துவது இன்றும் வயிற்றைக் கலக்கும் வேலை. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுவதும் ஒரே சீராக வெள்ளையாகத் தெரியும். முழுதும் கெட்டு ரப்பர்போல் விறைத்துவிட்டது, ஆகவே விரிக்கப் பலம் வேண்டும் என்பதுதான் அதுவரை இருந்த எண்ணம். சி.டி. படம் வேறொன்றைக் காட்டியது. மல்லாந்து படுத்தவரின் முதுகுப் பக்கம் நனைந்த பஞ்சுபோல் தன் கனத்திலேயே நசுங்கி அடைத்துக் கிடந்தது. மார்புப் பக்கம் ஒரு துண்டு மட்டும் காற்றோடு, ஏறக்குறைய நல்லபடியாக இருந்தது. கடுமையான நோயில் அந்த நல்ல துண்டின் அளவு ஐந்தாறு வயதுப் பிள்ளையின் நுரையீரல் அளவு. கத்தினோனி அதற்கு வைத்த பெயர் ‘குழந்தை நுரையீரல்’.

எல்லாம் சட்டென்று பொருந்தியது. நுரையீரல் விறைக்கவில்லை, சிறுத்திருக்கிறது. நாம் கொடுக்கும் 840 மி.லி. அடைத்த பக்கம் போவதில்லை. வழி திறந்திருக்கும் அந்தச் சின்னத் துண்டுக்குள் முழுவதும் போகிறது. எழுபது கிலோ ஆளின் மூச்சை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நுரையீரலுக்குள் நிமிடத்துக்குப் பல தடவை, நாள் கணக்கில் திணித்துக்கொண்டிருந்திருக்கிறோம். வெப்பும் டியர்னியும் எலிக்குச் செய்ததையே.

அப்படியானால் குறைக்க வேண்டியதுதானே? குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாது. ரத்தத்தில் ஏறும், அமிலம் கூடும், சீட்டு கெடும். சீட்டைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது ஆகாத காரியம்.

கெடட்டும் என்று விட்டவர் கீத் ஹிக்லிங். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்து மருத்துவர். கடுமையான ஏ.ஆர்.டி.எஸ். வந்த 50 பேருக்கு மூச்சளவையும் அழுத்தத்தையும் குறைத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடு ஏறுவதை ஏற விட்டார். நோயின் கடுமையை வைத்துக் கணக்கிட்டால் எதிர்பார்த்திருக்க வேண்டிய இறப்பு 39.6 சதவீதம். நடந்தது 16 சதவீதம். 1990இல் வெளியான இந்தக் கட்டுரையை நம்பாதவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஒப்பிட எதிர்க்கூட்டம் இல்லை, ‘எதிர்பார்த்த இறப்பு’ என்பது காகிதக் கணக்கு. ஆனால் ஒன்று நிச்சயமாயிற்று. இந்த அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு ஏறியதால் மட்டும் நோயாளி செத்துவிடுவதில்லை.

பிறகு சோதனைகள் வரிசையாக வந்தன, ஒன்றுக்கொன்று முரணாக. சாவோ பாலோவில் மார்செலோ அமாட்டோ 53 பேரை இரண்டாகப் பிரித்து 12க்கு எதிராக 6 வைத்துப் பார்த்தார். 28 நாளில் இறப்பு, பெரிய மூச்சில் 71 சதவீதம், சிறிய மூச்சில் 38. 1998இல் இது வெளிவந்தபோது பரபரப்பு. அதே இதழில் கனடாவின் 120 பேர் சோதனையும் வந்தது. அதில் பலன் ஏதும் இல்லை. பிரான்ஸின் புரோஷார் தலைமையில் 116 பேர், அமெரிக்காவின் புரோவர் தலைமையில் 52 பேர்: அங்கும் பலன் இல்லை. சாவோ பாலோவில் 71 சதவீதம் செத்ததே அதிகம், அதனால்தான் 38 நன்றாகத் தெரிகிறது என்றார்கள் ஒரு சாரார். மற்ற மூன்றிலும் இரண்டு கூட்டத்துக்கும் இடையில் மூச்சளவு வித்தியாசம் போதாது என்றார்கள் இன்னொரு சாரார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

இந்தச் சண்டை நடக்கும்போதே, 1996 மார்ச்சில், அமெரிக்காவின் பத்துப் பல்கலைக்கழக மையங்கள் சேர்ந்து பெரிய சோதனையைத் தொடங்கியிருந்தன. ஏ.ஆர்.டி.எஸ். நெட்வொர்க் என்று பெயர், அரசாங்கப் பணம். ஒருங்கிணைப்பு அலுவலகம் இருந்தது மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில். பெரிய மூச்சு புறப்பட்ட அதே வாசல்.

‘கிலோவுக்கு’ என்று இதுவரை சொல்லிக்கொண்டே வந்தேன். எந்தக் கிலோ? இது அற்பக் கேள்வியாகத் தெரியும், ஆனால் பாதிக் கதை இங்கேதான் இருக்கிறது. ஒருவர் 60 கிலோவிலிருந்து 90 கிலோவுக்குப் பெருத்தால் நுரையீரலும் பெருக்காது. நுரையீரலின் அளவு உயரத்தையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. ஆகவே சோதனைக்காரர்கள் தராசை ஒதுக்கிவிட்டு டேப்பை எடுத்தார்கள். ஆணுக்கு 50 கிலோ, பெண்ணுக்கு 45.5 கிலோ, ஐந்தடிக்கு மேல், அதாவது 152.4 சென்டிமீட்டருக்கு மேல், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கிலோ கூட்டிக்கொள். இந்தச் சூத்திரத்தின் பூர்வீகம் வேடிக்கையானது. 1974இல் டிவைன் என்பவர் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் அளவைக் கணக்கிட எழுதியது. நுரையீரலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இன்று உலகம் முழுக்க அந்தச் சூத்திரப்படிதான் மூச்சு விடப்படுகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்தடி உயரப் பெண் ஒருவர், தராசில் 75 கிலோ. பழைய வழக்கப்படி எடையைப் பார்த்து 12 வீதம் கொடுத்தால் 900 மி.லி., கிட்டத்தட்ட இரண்டு பால் பாக்கெட். புதிய கணக்கில் 45.5ஐ ஆறால் பெருக்கினால் 273 மி.லி., அரை பாக்கெட்டுக்குச் சற்று மேல். அதே பெண், அதே நுரையீரல்.

சோதனையில் ஒரு கூட்டத்துக்கு 12, இன்னொன்றுக்கு 6. மூச்சை உள்ளே நிறுத்திப் பிடித்து அளக்கும் ‘பிளாட்டோ’ அழுத்தம் சின்ன மூச்சுக் கூட்டத்தில் 30ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூச்சளவை 5க்கும் 4க்கும் இறக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடுக்காக நிமிடத்துக்கு 35 மூச்சு வரை வேகத்தைக் கூட்டலாம். ஆக்சிஜனும் பீப்பும் ஒரு அட்டவணைப்படி. கருத்துக்கு இடமே இல்லாமல் எல்லாவற்றையும் விதியாக எழுதிவைத்தார்கள்.

முதல் சில நாள் நிலவரத்தைப் பார்த்திருந்தால் நானே சோதனையை நிறுத்தச் சொல்லியிருப்பேன். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை, கொடுக்கும் ஆக்சிஜனால் வகுத்து வரும் எண் ஒன்று உண்டு. நலமானவருக்கு அது 400க்கு மேல் இருக்கும். முதல் நாளில் 12 கூட்டத்துக்கு அது சராசரி 176, 6 கூட்டத்துக்கு 158. மூன்றாம் நாளிலும் பெரிய மூச்சுக்காரர்களே முன்னால். கார்பன் டை ஆக்சைடும் அவர்களுக்குத்தான் நன்றாக இருந்தது. எந்த ஐ.சி.யூ.வில் எந்த மருத்துவரைக் கேட்டாலும், சீட்டை நீட்டினால், 12தான் வேலை செய்கிறது என்பார்.

ஆயிரம் பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 1999 மார்ச்சில், 861 பேரோடு கண்காணிப்புக் குழு நிறுத்தச் சொன்னது. 12 கூட்டத்தில் இறந்தவர்கள் 39.8 சதவீதம், 6 கூட்டத்தில் 31.0 சதவீதம். பதினொரு பேருக்குக் குமிழைத் திருப்பினால் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார். ஏ.ஆர்.டி.எஸ்.க்கு அதுவரை எத்தனையோ மருந்துகள் சோதிக்கப்பட்டுத் தோற்றிருந்தன. இந்தச் சோதனையோடு சேர்த்தே கீட்டோகொனசோல், லிசோஃபிலின் என்று இரண்டு மருந்துகளைப் பார்த்தார்கள், அவையும் தோற்றன. ஜெயித்தது காசு செலவில்லாத ஒன்று.

நன்றாக ஆக்சிஜன் ஏறியவர்கள் ஏன் அதிகம் செத்தார்கள்? ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் ஆக்சிஜன் போதாமல் நேரடியாக இறப்பவர்கள் குறைவு. சிறுநீரகம், ஈரல், இதயம் என்று உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோய்த்தான் பெரும்பாலோர் இறக்கிறார்கள். இழுபட்டுக் கிழியும் நுரையீரல் சும்மா இருப்பதில்லை. அழற்சியை மூட்டும் வேதிப்பொருள்களை ரத்தத்தில் கொட்டுகிறது. டொரன்டோவின் ஆர்தர் ஸ்லட்ஸ்கி இதை எலி நுரையீரலில் முன்பே காட்டியிருந்தார். அமெரிக்கச் சோதனையிலும் அழற்சியின் அடையாளமான இன்டர்லூகின்-6 என்ற பொருள் சின்ன மூச்சுக் கூட்டத்தில் கூடுதலாக இறங்கியது. பெரிய மூச்சு அன்றைய சீட்டை அழகாக்கியது, அடுத்த வாரத்துச் சிறுநீரகத்தின் செலவில்.

2000 மே 4 தேதியிட்ட நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளியானது. விவகாரம் அதோடு அடங்கவில்லை. 12 என்பது நடைமுறையில் யாரும் கொடுக்காத பெரிய அளவு, எதிர்க்கூட்டத்தை வேண்டுமென்றே மோசமாக வைத்து ஜெயித்துவிட்டார்கள் என்று 2002இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன மருத்துவர்கள் சிலரே எழுதினார்கள். நெட்வொர்க்கின் அடுத்த சோதனை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டு, விசாரணைக்குப் பிறகு தொடர்ந்தது. நெட்வொர்க்காரர்களின் பதில் மறுபடியும் அந்தக் கிலோ கணக்குதான்: சோதனையில் இருந்தவர்களின் தராசு எடை சூத்திர எடையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம், எங்கள் 12, தராசில் போட்டால் 10. நீங்கள் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தது அதுதானே? எனக்கு இந்தப் பதில் முழு நிறைவு தரவில்லை. 8க்கும் 6க்கும் நேருக்கு நேர் போட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 6 என்பதில் தெய்வீகம் ஒன்றும் இல்லை. ஆனால் 12க்குத் திரும்பிப் போக அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.

வாதாடாமலே பெரிய மூச்சு கொடுப்பது மட்டும் நின்றபாடில்லை. 2014 குளிர்காலத்தில் 50 நாடுகளின் 459 ஐ.சி.யூ.க்களில் நான்கு வாரம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஏ.ஆர்.டி.எஸ். இருந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு அந்த நோய் இருப்பதையே மருத்துவர்கள் கவனித்திருக்கவில்லை. கிலோவுக்கு 8 மி.லி. என்ற தாராள எல்லைக்குள் மூச்சு கிடைத்தவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பிளாட்டோ அழுத்தத்தை அளந்தது 40 சதவீதம் பேருக்கு. உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும்தான் மூச்சு அதிகமாகப் போகிறது என்பதை வேறு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. காரணம் எளிது. கட்டிலில் கிடப்பவரின் உயரத்தை யாரும் அளப்பதில்லை. கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள், படுத்திருப்பவர் பல நேரம் உயரமாகத் தெரிகிறார். அல்லது எல்லோருக்கும் 450 அல்லது 500 என்று முழு எண்ணாக வைத்துவிட்டுப் போகிறார்கள்.

எனக்குத் தெரிந்த மயக்கவியல் மருத்துவர் ஒருவர் வெள்ளைக் கோட்டுப் பையில் ஸ்டெதஸ்கோப்போடு மஞ்சள் நிறத் தையல் டேப் ஒன்றும் வைத்திருப்பார். கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கியது. ஓரிரவு ரவுண்ட்ஸில் நானும் பின்னால் நின்றிருந்தேன். நிமோனியாவில் வந்து சேர்ந்த நடுவயதுப் பெண்மணி. கருவி 450இல் ஓடிக்கொண்டிருந்தது, சீட்டில் கார்பன் டை ஆக்சைடு 41. டியூட்டி மருத்துவர் சீட்டைப் பெருமையோடு நீட்டினார். இவர் அதை வாங்காமல், “சிஸ்டர், அந்தக் குதிகாலைக் கொஞ்சம் பிடிங்க” என்று டேப்பை உச்சந்தலையில் வைத்தார். 151 சென்டிமீட்டர். மனக்கணக்காகப் போட்டுவிட்டுக் குமிழைத் திருப்பினார்: 265. வேகத்தை 16லிருந்து 28க்கு ஏற்றினார். பிளாட்டோ அழுத்தம் 34இலிருந்து 25க்கு வந்து நின்றது.

“மேடம், காலையில கார்பன் டை ஆக்சைடு அறுபதுக்கு ஏறிடுமே?” என்றார் டியூட்டி மருத்துவர்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “ஏறட்டும்ப்பா” என்றார் அவர்.